ஆறு வயது காத்திருக்குமா?

சில கடன்களைத் தாமதமாகத் தீர்த்தாலும் தீர்த்ததாகவே கணக்கு. மளிகைக் கடை பாக்கி, வீட்டு வாடகை, நண்பரிடம் வாங்கிய கைமாற்று எல்லாம் அந்த ரகம். கொடுத்தவர் முகம் சுளிப்பார். பணம் கைக்கு வந்ததும் பழைய சிரிப்பு திரும்பிவிடும். ஆனால், உரிய காலத்தில் தீர்க்காவிட்டால் பிறகு எப்போதுமே தீர்க்க முடியாத கடன்களும் உண்டு. ஒரு குழந்தைக்குச் சமூகம் தர வேண்டிய முதல் வகுப்பு அப்படிப்பட்ட கடன்.

சென்னைக்குத் தெற்கே போகும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வருவதுண்டு. வயலும் ஏரிக்கரையுமாக இருந்த இடங்களில் இன்று மாடிக்கு மேல் மாடி. நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்த குடும்பங்களை 2000-இலிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கும் அப்பால் பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை அங்கே குடியேற்றினார்கள். பெட்டி, பாத்திரம், கட்டில் எல்லாம் லாரியில் ஏறின. பள்ளிக்கூடம் லாரியில் ஏறுமா? அது பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. படிப்பாண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகளில் சிலர் விடியற்காலையில் பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போனார்கள். சிலர் எங்கும் போகாமல் நின்றுபோனார்கள்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "என்ன சார் நீங்க, முதல்லே ஜனங்க வரட்டும். பள்ளிக்கூடம் தானா வரும். ஆளில்லாத காட்டிலே கட்டடத்தைக் கட்டி, வௌவாலையா குடிவைக்கறது?"

அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பொதுப்பணம் வீணாகக் கூடாது. ஆனால் இங்கே இரண்டு விதமான தவறுகள் நேரக்கூடும். பிள்ளைகள் வருமுன் வகுப்பறை தயாராகி ஓர் ஆண்டு காலியாகக் கிடப்பது ஒன்று. பிள்ளைகள் வந்த பிறகும் வகுப்பறை இல்லாமல் ஓர் ஆண்டு கழிவது மற்றொன்று. முதல் தவறு அடுத்த ஜூன் மாதத்தில் திருந்திவிடும், பெஞ்சு நிறைந்துவிடும். இரண்டாவது தவறை எந்த ஜூன் மாதம் திருத்தும்? சாலை மூன்று ஆண்டு தாமதமாக வந்தாலும் அதே மனிதர் அதில் நடப்பார். பள்ளி மூன்று ஆண்டு தாமதமாக வந்தால், அதில் உட்காருவது வேறு குழந்தை.

எதிர்பாராமல் வந்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. பிறக்கும் குழந்தை பள்ளிக்கு வர ஐந்தாண்டு முன்னறிவிப்புத் தருகிறது. குடியேறி வரும் குழந்தைக்கோ, வீட்டு வரைபடத்தில் இடப்படும் அனுமதி முத்திரையே முன்னறிவிப்பு. எத்தனை குடும்பம் என்று எண்ணித் தண்ணீர்த் தொட்டிக்கு அளவு கண்ட அதே கையால், எத்தனை முதல் வகுப்பு என்று எண்ண முடியாதா?

இடம் போதாதபோது பங்கு போடுவது நம் பழக்கம். 1953-இல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்தார். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற பகுதிதான் பெரும் எதிர்ப்பைக் கிளப்பி, 1954-இல் திட்டத்தையே வீழ்த்தியது. ஆனால் அதன் பின்னால் இருந்த நெருக்கடி உண்மையானது: பிள்ளைகள் அதிகம், பள்ளியும் ஆசிரியரும் பணமும் குறைவு. பிறகு வந்த காமராஜர் பங்கைச் சிறிதாக்கவில்லை, பள்ளிகளைப் பெருக்கினார்.

இன்று பங்கு போடும் முறை குலுக்கல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் எளிய குடும்பங்களுக்கு உரியது. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கிப் போட வேண்டும். சீட்டை எடுக்கும் கை நேர்மையானதாகவே இருக்கட்டும். யாருக்கு இடம் என்ற கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும். இடம் ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. பெயர் வராத குழந்தையின் தாய், "எங்க அதிர்ஷ்டம் அவ்வளவுதான்" என்று சொல்லித் திரும்புகிறாள். நமது குறையைத் தன் தலையெழுத்தாக அவள் எடுத்துக்கொள்கிறாளே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தக் குறை கண்ணில் படுவதே இல்லை. வேனுக்குப் பணம் கட்டி, தொலைவிலுள்ள பள்ளிக்குக் குழந்தையை அனுப்பிவிடுகிறோம். பஞ்சம் நம் வீட்டுக்குள் விலையாக மட்டுமே நுழைகிறது. விலையைக் கொடுத்துவிட்டவன் பஞ்சத்தை மறந்துவிடுகிறான். பேசத் தெரிந்தவர்கள் வாயடைத்துப் போன பிறகு, பள்ளி கேட்கும் குரல் மெலிந்துவிடுகிறது.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரப் பத்தாண்டுக்குள் முயல வேண்டும் என்றது. அது அடிப்படை உரிமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-இல். இடையில் ஆறு வயதைக் கடந்த குழந்தைகளில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் அவர்களில் யாரிடமாவது போய், "கடனைத் தீர்த்துவிட்டோம்" என்று நாம் சொல்ல முடியுமா?

புதிய குடியிருப்புகளில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒரு விழா நடத்துகிறோம். அந்த விழாவுக்கு முந்திய வாரம், அங்கே ஒரு பள்ளி மணி அடித்திருக்க வேண்டும்.