காபூலில் ஒரு சிறுமி கேட்டது

இசைப்பள்ளித் தலைவரிடம் ஒரு மாணவி போய் நின்றாள். பெண்கள் மட்டும் சேர்ந்து வாசிக்க எங்களுக்கென்று ஒரு குழு வேண்டும் என்று கேட்டாள். ஊர் காபூல். காலம் 2014-ஐ ஒட்டி. காலையில் பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் முழுதாகத் திரும்புமா என்று வீடுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். பெண் பிள்ளை வாத்தியத்தைத் தொட்டாலே குடும்ப மானம் போயிற்று என்று கொதிப்பவர்கள் நிறைந்த நாடு. அங்கே அந்தச் சிறுமி வாய் திறந்து கேட்டாள்.

தம்பி, தங்கச்சி, உன்னிடம் நேராகவே பேசுகிறேன். திறமை இருக்கிறது, சூழ்நிலைதான் சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே வருஷங்களைக் கரைத்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது பொய் இல்லை. கையில் காசில்லை, பாட்டு சோறு போடாது என்கிற அப்பா, சாதகம் செய்யத் தொடங்கினால் சுவரைத் தட்டும் பக்கத்து வீட்டார், எல்லாம் நிஜம். காபூல் பிள்ளைகளைக் காட்டி உன் கஷ்டத்தை அற்பமாக்க நான் வரவில்லை. பிறர் பட்ட ரணத்தைக் காய்ச்சி உனக்கு ஊக்க மருந்தாகக் கொடுப்பது பாவம். அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் பார். செய்த விதத்தில்தான் நெருப்பு இருக்கிறது.

அவள் கேட்டது சின்னதாக ஒரு குழு. பிறந்ததோ ஆப்கானிஸ்தானின் முதல் பெண்கள் இசைக்குழு! பாரசீக மரபில் இசைக்குரிய தேவதையின் பெயரைச் சூட்டி அதை ‘ஸோஹ்ரா’ என்று அழைத்தார்கள். வயலின், வயோலா, செல்லோ ஒரு பக்கம். ரபாப், சிதார், தபலா இன்னொரு பக்கம். நடுவில் கோலை உயர்த்தி நிற்பவளும் ஒரு பெண்.

கேட்டவள் என்ன ஆனாள்? ஊருக்குப் போனவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. இதை மறைத்துவிட்டு உனக்கு உற்சாகம் ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலத்தில் பிள்ளைகள் இப்படித்தான் வருகைப் பதிவேட்டிலிருந்து உதிர்ந்துபோகிறார்கள். அவள் போனாள். அவள் கேட்டது போகவில்லை. மற்ற பெண்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மண்ணில் இசைக்கு என்னென்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அவள் கேட்டதன் கனம் புரியும். காபூல் ஒரு காலத்தில் இசையின் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து வித்வான்களை வரவழைத்துக் குடியமர்த்தினார். அவர்கள் வழிவந்தவர்கள் வாழ்ந்த கராபாத் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சாதகம் நடந்தது. நம் கச்சேரி மேடைகளில் முழங்கும் சரோதுக்கே ஆப்கானிய ரபாப்தான் மூதாதை என்பார்கள். 1990-களின் உள்நாட்டுச் சண்டையில் கராபாத் இடிந்து மண்ணானது. 1996-ல் காபூலைப் பிடித்த தலிபான்கள் இசையையே தடை செய்தார்கள். கேசட்டுகளை உடைத்து, உள்ளிருந்த நாடாவை உருவிக் கம்பங்களில் தொங்கவிட்டார்கள். 2001-ல் அவர்கள் ஆட்சி போனது. போர் போகவில்லை.

அந்தப் போருக்கு நடுவில்தான் ஒரு மனிதர் ஊர் திரும்பினார். அகமது சர்மஸ்த். புகழ்பெற்ற இசையமைப்பாளர் சலீம் சர்மஸ்தின் மகன். மாஸ்கோவில் இசை படித்தவர், ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். மெல்போர்னில் நிம்மதியாகப் பாடம் நடத்திக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். காபூலுக்கு வந்து, 2010-ல் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக்கழகத்தைத் திறந்தார். அந்தச் சிறுமி போய் நின்றது இவரிடம்தான். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில். இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியர்களும் அங்கே பாடம் சொன்னார்கள்.

அந்தப் பள்ளியில் பாதி இடங்கள் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் தெருவில் பிழைக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. பிளாஸ்டிக் பை விற்ற பிள்ளை, சூயிங்கம் விற்ற பிள்ளை. அந்தப் பிள்ளை கொண்டுவரும் காசு நின்றால் வீட்டில் உலை ஏறாது. அதனால் தெருவில் சம்பாதித்ததை ஈடுகட்ட, படிக்க வரும் பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தார்கள். பாராட்டும் அறிவுரையும் கொடுத்து அனுப்பிவிடவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். உன்னை மட்டும் நம்பு, உலகம் தானாக வழிவிடும் என்று எழுதிக் குவிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. உலகம் வழிவிடாது. பசித்த வயிற்றுக்காரனிடம் போய் நெஞ்சை நிமிர்த்து என்று கத்துவது அவனுக்குச் செய்யும் அவமானம். காபூலில் வாசித்த ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார்: ஓர் ஆசிரியர், ஓர் அப்பா, வாசலில் காவல் இருந்த ஒருவர். ஆனால் இதையும் சேர்த்தே கேட்டுக்கொள். பின்னால் நிற்கப் பத்துப் பேர் காத்திருந்தாலும், முன்னால் வந்து ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்ல வேண்டியது நீ மட்டும்தான். அந்த ஒரு வாக்கியத்தை உனக்காக வேறு யாராலும் சொல்ல முடியாது.

2014 டிசம்பர் 11. காபூலில் பிரெஞ்சுக் கலாசார மையத்தின் அரங்கம் நிறைந்திருக்கிறது. மேடையில் தற்கொலைத் தாக்குதல்களைக் கண்டிக்கும் ஒரு நாடகம். அதில் இசைக்கழக மாணவர்களின் வாசிப்பு. பார்வையாளர்களோடு பார்வையாளனாக வந்து உட்கார்ந்திருந்தவன் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கவைத்தான். அரங்கில் உயிர்ப்பலி நேர்ந்தது, பலர் ரத்த வெள்ளத்தில் விழுந்தார்கள். சர்மஸ்தின் தலைக்குப் பின்புறம் சில்லுகள் பாய்ந்தன. அவருடைய செவிப்பறைகள் கிழிந்தன.

நினைத்துப் பார். ஓர் இசை ஆசிரியரிடமிருந்து எதைப் பறித்தால் அவர் கதை முடியுமோ அதைப் பறித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அறுவை சிகிச்சை. செவி ஓரளவு திரும்பியது. திரும்பிய செவியோடு அவர் எங்கே போனார்? காபூலுக்கே போனார். பிள்ளைகளும் வந்தார்கள். குண்டு வெடித்த அதே நகரத்தில், அடுத்த குண்டு எங்கே என்று தெரியாமலே, சுருதி சேர்த்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பயம் இல்லை என்று எவனாவது சொன்னால் நம்பாதே. வாத்தியப் பெட்டியைத் தெருவில் தூக்கிக்கொண்டு நடப்பதற்கே அஞ்சிய பிள்ளைகள் அவர்கள். பயம் தீரட்டும், அப்புறம் வாசிக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாட்டில் ஒரு ஸ்வரமும் பிறந்திருக்காது. பயத்தையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. அதுவே மலை.

ஸோஹ்ராவை நடத்திய நெகின் க்பல்வாக்கின் கதை இன்னும் சுடும். குனார் மாகாணத்துப் பெண். ஒன்பது வயதில் காபூலில் ஒரு பிள்ளைகள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தார். இசை கற்பதை முதலில் வீட்டுக்குத் தெரியாமல் மறைத்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார். அப்பா துணை நின்றார். மகளை இசைப்பள்ளிக்கு அனுப்பினால் நீ என் பிள்ளையே இல்லை என்று பாட்டி அப்பாவை ஒதுக்கினார். உறவில் மிரட்டல்கள் வந்தன. சொந்த ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாமல் போயிற்று. அந்தப் பெண்தான் ஆப்கானிஸ்தானில் இசைக்குழுவை வழிநடத்திய முதல் பெண். 2017 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், உலகப் பெருந்தலைகள் கூடிய பொருளாதார மாநாட்டின் மேடையில், ஸோஹ்ரா வாசித்தது. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு சர்மஸ்துக்கும் அந்தப் பள்ளிக்கும் கிடைத்தது.

கதையை இங்கே முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் போர் முடிக்கவில்லை.

2021 ஆகஸ்ட் 15. காபூல் மீண்டும் தலிபான் கையில். நெகின் தன் புகைப்படங்களையும் பத்திரிகை நறுக்குகளையும் தானே தீயிலிட்டார். தலிபான்கள் வீட்டைச் சோதனையிட்டால் அவைதான் முதல் சாட்சி. தன் வாழ்நாள் பெருமையைத் தன் கையால் எரிக்க நேர்வது என்ன கொடுமை! அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பள்ளி வளாகம் ஆயுதம் ஏந்தியவர்கள் வசமானது. மாத இறுதியில் மாணவர்கள் பேருந்துகளில் விமான நிலைய வாசல் வரை போய், உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். திரும்பி வந்து ஒளிந்திருந்தார்கள். அக்டோபரில் முதல் குழு தோஹாவுக்குப் பறந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், உறவினர்கள் என மொத்தம் 273 பேர் வெளியேறி, டிசம்பரில் போர்ச்சுகல் போய்ச் சேர்ந்தார்கள். மொழி தெரியாத ஊர். பலருக்கு அம்மா அப்பா உடன் இல்லை. பிராகா நகரத்தில் மறுபடியும் சாதகம் தொடங்கியது.

பின்னால் தங்கிப்போனவர்களும் உண்டு. அவர்களுக்கு விடிவு வரவில்லை. 2023 ஜூலையில் ஹெராத் நகரத்தில் தலிபான்கள் வாத்தியங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். கிடார், ஆர்மோனியம், தபலா, ஒலிபெருக்கி. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அதே ஆர்மோனியம்.

2024 மார்ச். போர்ச்சுகல் போய்ச் சேர்ந்த அந்த மாணவர்களின் ஆப்கான் இளைஞர் இசைக்குழு பிரிட்டனில் வாசிக்கப் புறப்படுகிறது. 47 பேர். முதல் கச்சேரிக்குச் சில நாள் இருக்கும்போது விசா மறுக்கப்பட்டது. குண்டுக்குத் தப்பியவர்களை ஒரு ரப்பர் முத்திரை நிறுத்தப் பார்த்தது. விதி இதுதான் என்று பெட்டியை மூடிவிடவில்லை அவர்கள். வெளியே சொன்னார்கள், கேட்டார்கள், அவர்களுக்காகப் பலர் குரல் கொடுத்தார்கள். முடிவு மாறியது. லண்டனில் வாசித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் வாசித்தார்கள்.

இப்போது உன் பக்கம் வருகிறேன். உனக்கு என்ன வேண்டும்? பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே. ‘இசையில் சாதிக்க வேண்டும்’ என்பதற்கு யாராலும் உதவ முடியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளியின் ஓர் அறை வேண்டுமா? மிருதங்கத்தின் கிழிந்த தோலை மாற்றப் பணம் வேண்டுமா? கட்டணம் கட்ட முடியாத உன்னை வகுப்பில் உட்காரவைக்க ஒரு குரு வேண்டுமா? அதை எழுது. யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடி. நேரில் போ. தயங்கித் தயங்கிப் பேசினாலும் பரவாயில்லை, கேள். ஒருவர் இல்லை என்றால் அடுத்தவரிடம் கேள். அறை கிடைத்தால் தனியாகப் போய் உட்காராதே. உன்னைப் போல வாய் திறக்கத் தெரியாமல் இருக்கும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ.

அம்மா அப்பாக்களே, ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு பிள்ளை உங்கள் முன் வந்து நின்றால், அந்தப் பிள்ளை எத்தனை இரவு ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கும் என்று யோசியுங்கள். பாட்டும் தாளமும் சோறு தண்ணீரெல்லாம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளும் வெற்றிலை என்று நினைக்காதீர்கள். சோற்றுக்கே வழியில்லாத காபூல் பிள்ளைகள் பையை விற்றுவிட்டு ரபாபைத் தேடி வந்தார்கள். சர்மஸ்திடம் அன்றைக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். அந்தச் சிறுமியை அவர் அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடவில்லை.

கார்னகி ஹாலில் ஆப்கான் பிள்ளைகள் வாசித்த அதே 2024 ஆகஸ்டில், தலிபான் அரசு புதிய சட்டம் ஒன்றை வெளியிட்டது. பொது இடத்தில் பெண்ணின் குரல் கேட்கக் கூடாது, பாடுவதும் கூடாது. சட்டம் வெளியான சில நாட்களுக்குள் ஆப்கான் பெண்கள் கைப்பேசியை எடுத்து, தங்களைத் தாங்களே படம்பிடித்து, பாடி, இணையத்தில் ஏற்றினார்கள். முகத்தை மூடிக்கொண்டு பாடியவர்கள் உண்டு. முகத்தைத் திறந்து வைத்தே பாடியவர்களும் உண்டு. நாட்டுக்கு உள்ளேயிருந்தும் பாடினார்கள், வெளியேயிருந்தும் பாடினார்கள். எந்தக் குரல் வாசலைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொன்னதோ, அதை உலகம் முழுவதும் கேட்டது.