தெரிவற்றவரின் சம்மதம்

சைக்ளோபொசுபமைட்டு என்னும் புற்றுநோய் மருந்து உடலுட் சென்றவுடன் நஞ்சாவதில்லை. ஈரலிலுள்ள நொதியமே அதனை நஞ்சாக மாற்றுகின்றது. அந்நஞ்சோ குருதியினின்று மூளைக்குள் எளிதிற் புகுவதில்லை. எனவே, ஈரலின் வேலையை மூளைக்கட்டியின் கலங்களே செய்யுமாறு செய்தல் கூடுமா என ஆய்வாளர் வினவினர். நொதியத்தை ஆக்கும் எலியின் பரம்பரையலகொன்றைக் கட்டிக் கலங்களுட் புகுத்தியபோது, அக்கலங்கள் மருந்துக்கு எளிதில் இரையாயின. 1994இல் சுண்டெலிகளிற் காட்டப்பட்ட பயன் இது.

சுண்டெலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகுமா? இதனோடொத்த இன்னொரு முறை விடை தந்துள்ளது. ஹேர்ப்பிசு வைரசின் பரம்பரையலகைக் கட்டிக்குள் ஏற்றிக் கன்சிக்குளோவிர் மருந்தைக் கொடுத்தபோது எலிகளின் கட்டிகள் கரைந்தன. 1992ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் மனிதரிற் பரீட்சை தொடங்கியது. ஆனால், 248 நோயாளரைக் கொண்ட பெரும் பரீட்சையின் முடிவு 2000இல் வெளிவந்தபோது, சத்திரசிகிச்சையும் கதிர்ச்சிகிச்சையும் மாத்திரம் பெற்றோரிலும் பார்க்கப் பரம்பரையலகும் பெற்றோர் கூடுதலாக வாழ்ந்தாரல்லர். மிகச் சில கலங்களையே அப்பரம்பரையலகு சென்றடைந்தது.

அந்நோயாளர் ஏமாற்றப்பட்டாரெனக் கூறல் பொருந்தாது. மறுத்திருந்தாலும் வழமையான சிகிச்சை அவர்க்குக் கிடைத்திருக்கும். அதனாலேயே அவர்தம் சம்மதம் சம்மதமாயிற்று.

பூநகரியில் மொட்டைக்கறுப்பன் நெல் விளைவிக்கும் கமக்காரர் ஒருவருக்கு இந்நோய் கண்டதெனக் கொள்வோம். அமெரிக்காவில் அம்முதற் பரீட்சை நடந்தபோது பூநகரி போரின் நடுவே கிடந்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லக் கடனீரேரியைக் கடத்தற்குச் சங்குப்பிட்டிப் பாலம் 2011இலேயே திறக்கப்பட்டது. தெல்லிப்பழையிற் புதிய புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது 2013இல். அதற்குமுன் மகரகமைவரை சென்று அலைந்தோர் பலர். வழமையான சிகிச்சையே எட்டாத ஒருவரிடம் பரீட்சைப் பத்திரத்தை நீட்டினால் அவர் ஒப்பமிடுவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வொப்பத்தை இடுவது அவர் விருப்பமா, இல்லாமையா?

சாவின் வாயிலில் நிற்பவருக்குக் கடைசிக் கதவையும் அடைப்பது கொடுமையன்றோ எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மையுண்டு, ஏழைகளைக் காத்தலென்ற பெயரால் புதுமை யாவற்றையும் அவர்க்கு மறுத்தலும் அநீதியே. ஆயினும் கேட்கும் ஒழுங்கு மாறலாகாது. சத்திரசிகிச்சையும் கதிரும் அக்கமக்காரருக்கு முதலில் உறுதியாகட்டும். பின்னர், சிகிச்சையென்னாது பரீட்சையென்றே சொல்லி, அவர் மொழியிற் கேட்கட்டும். வேண்டாமென்று அவர் கூறின், அதே கட்டிலில் அதே பராமரிப்பு அவருக்குத் தொடர்தல் வேண்டும்.