நூற்பவள்

வெள்ளகோவில் வகுப்பறையில் 'ஸ்பின்னர்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. ஊரைச் சுற்றி நூல் மில்கள். 'ஸ்பின்ஸ்டர்' வந்தபோதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டும் ஒண்ணுதானுங்களா மிஸ்?"

ஒன்றாகத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' என்பது தொழில் செய்யும் பெண்ணைக் குறிக்கும் விகுதி. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள், அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டுக்குள் சட்டப் பத்திரங்களில் அது மணமாகாதவளைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு ஏளனமும் சேர்ந்து முதிர்கன்னி ஆனது. தொழில் மட்டும் ஸ்பின்னரிடம் தங்கியது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்து ஸ்பின்ஸ்டர் நீங்க 2005 ஆயிற்று. மணமாகாத ஆணைக் குறிக்கும் 'பேச்சிலர்' என்னவோ பட்டமாகி, நம் பி.ஏ. சான்றிதழிலும் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது!

வெள்ளைக்காரன் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஆண்துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற மெல்லிய நூலை, மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாக்குகிறது நற்றிணைப் பாடல் ஒன்று. தனித்த பெண்ணும் நூலும் இங்கும் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் அங்கே அவளது வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

நம் மில்கள் வைத்த பெயர் 'சுமங்கலித் திட்டம்'. மணமாகாத பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்கவைத்து, முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவார்கள். இடையில் நின்றால் பல இடங்களில் அந்தத் தொகை கிடைக்காது. ரிங் ஃபிரேமில் இரவு ஷிப்ட் பார்ப்பவளுக்குத் தொழிலாளி என்ற பெயர்கூட இல்லை. இனிமேல் ஆகப்போகும் மனைவியின் பெயர். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல்.

பணம் கல்யாணத்துக்குப் போனதில் எனக்குப் புகார் இல்லை. தன் காசில் தாலிக்கொடி வாங்கிய பெருமையைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதை நான் யார் மறுக்க? ஆனால் அது கூலி. மாதாமாதம் அவள் கையில் வந்திருந்தால், கல்யாணமா, படிப்பா, எருமைக்கன்றா என்று அவளே முடிவு செய்திருப்பாள். கூலியைப் பிடித்து வைத்து அதற்குச் சீர் என்று பெயரிட்டபோதே அந்த முடிவு பறிபோனது.

இதைச் சொன்னபோது அந்த மாணவி சற்று யோசித்தாள். அவள் அக்காவும் மூன்று வருசம் மில்லில் இருந்தவள்.

"கல்யாணத்தைப் பதிய பாரம் கொடுத்தாங்க மிஸ். பொண்ணோட தொழில்னு இருந்த எடத்துல அப்பா 'இல்லை'ன்னு எழுதுனாருங்க. அக்கா பக்கத்துலதான் நின்னுச்சு."