ஒரு முறை மட்டுமே ஏற்றக்கூடிய மருந்து

ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்நோயுள்ளவருக்கு வெளியே ஓடும் இரத்தத்தைவிட உள்ளே கசியும் இரத்தமே பெரிய எதிரி. அது முழங்காலிலும் முழங்கையிலும் கசிந்து கசிந்து, வாலிப வயதிலேயே மூட்டுக்களை முடக்கிவிடும். இரத்தத்தை உறையச் செய்யும் காரணிகளுள் எட்டாவது குறைந்தால் ஏ வகை. ஒன்பதாவது குறைந்தால் பி வகை. குறைந்த காரணியை ஊசியால் நாளத்தில் ஏற்றி ஏற்றி வாழ்நாளை ஓட்டுவதே நெடுங்காலமாக இருந்த வழி.

இப்போது வேறொரு வழி திறந்திருக்கிறது. பழுதில்லாத பரம்பரையலகை, நோய் உண்டாக்காத ஒரு வைரசின் கூட்டுக்குள் வைத்து ஏற்றுகிறார்கள். அது ஈரலைச் சென்றடைந்து, அங்குள்ள கலங்களைக் கொண்டே காரணியை உற்பத்தி செய்விக்கிறது. பி வகைக்கான ஹெம்ஜெனிக்ஸ் என்னும் மருந்தை முக்கிய ஆய்வொன்றில் பெற்ற 54 பேரில் 52 பேர் வழமையான ஊசியைக் கைவிட்டார்கள். பெரிய காரியந்தான். ஆனால் ஒரு முறை ஏற்றியதும் உடல் அந்த வைரசை அடையாளங்கண்டு எதிர்ப்புச் சக்தியை வளர்த்துவிடும். பின்னர் பயன் குன்றினாலும் அதே மருந்தை மீண்டும் ஏற்ற முடியாது. ஏற்றியதைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

பரம்பரையலகில் கை வைப்பது படைத்தவரின் வேலையில் தலையிடுவதல்லவா என்று சிலர் கேட்பார்கள். 2008இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தல் இதற்குப் பதில் தந்துள்ளது. நோயைக் குணமாக்கவென ஒருவரின் உடற்கலங்களில் செய்யும் சிகிச்சை கொள்கையளவில் ஏற்புடையது. சந்ததிக்குக் கடத்தப்படும் மாற்றம் இன்றைய நிலையில் ஏற்புடையதன்று. நாம் பேசுவது முன்னதைச் சேர்ந்தது. சிகிச்சை பெற்ற தந்தையின் புதல்வியர் பழுதான அலகை முன்போலவே பெறுவர். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, இத்தகைய மருந்தைக் கொடுக்க முன்வரும் சுகாதார சேவை தன்னை எப்படி ஆயத்தம் செய்யவேண்டும் என்று கேட்போம்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் அங்கு இதே நோயாளருக்கு ஒரு புதுமை வந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரித்த காரணித் தூள் அது. வீட்டிலேயே கரைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அதில் பெருமளவு, சிறைக்கைதிகள் உட்படப் பணத்துக்கு இரத்தம் கொடுத்த அமெரிக்கரிடமிருந்து வந்தது. ஏறக்குறைய 1,250 பேருக்கு எயிட்ஸ் நோயின் கிருமி தொற்றியது. அவர்களுள் 380 பேர் சிறுவர். பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை. 2024 மே 20இல் வெளியான சேர் பிரையன் லாங்ஸ்டாஃப் அவர்களின் விசாரணை அறிக்கையை வாசிக்கும்போது, கிருமியைவிட மௌனமே நெஞ்சைச் சுடுகிறது. ஆபத்து தெரிந்தபின்னும் சொல்லாதிருந்தார்கள். கேளாமலே பரிசோதித்தார்கள், முடிவையும் சிலரிடம் மறைத்தார்கள்.

அதற்கு அடுத்த மாதமே, அதே நாட்டின் சுகாதார சேவை ஹெம்ஜெனிக்ஸை வழங்க இசைந்தது. நோய் அதே நோய். குடும்பங்களும் அதே குடும்பங்கள். அன்று தமையனைப் பறிகொடுத்தவனிடம் இன்று கையொப்பம் கேட்கிறார்கள்.

ஆயத்தம் என்றதும் நிர்வாகிகளின் மனம் பொருட்களிடமே ஓடும். ஏ வகைக்கான மருந்தொன்றைப் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகைக் குளிரில் வைக்கவேண்டும். பயின்ற மருந்தாளர் வேண்டும். இவை பணமிருந்தால் ஆகும். கடினமானது ஏற்றியபின் வரும் காலம். முதல் மாதங்களில் வாராவாரம் இரத்தம் சோதிக்கவேண்டும். ஈரல் பாதிப்புற்றால் ஸ்டீரொயிட் வில்லைகளை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் விழுங்க நேரும். நித்திரை கெடும், முகம் ஊதும், மனம் சோரும். குறித்த காலத்துக்குப் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடச் சொல்வார்கள். (மணமானவருக்கு இது சின்ன விஷயமன்று, மனைவியும் அந்த அறையிலிருந்து கேட்கவேண்டும்.) ஏ வகையில் காரணி ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்து வருகிறது. எவருக்கு எவ்வளவு பலன் கிட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை. இத்தனையையும் அவசரச் சந்திப்பு ஒன்றில் சொல்லி முடித்துக் கையொப்பம் வாங்கினால், அதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இந்நோய் பெரும்பாலும் தாய்வழி வருவது. அதனால் பல தாய்மார் தங்களையே குற்றவாளியாக்கிக் கொள்கிறார்கள். பிறவிக்குருடனைக் கண்டு சீடர்கள் கேட்ட கேள்வி இன்னும் ஓயவில்லை போலும்! இதில் எவருடைய பாவமும் இல்லை. ஆனால் அந்த வேதனையோடு “எடுத்துக்கொள், மகனே” என்று தாய் உந்தும்போது மகன் தடுமாறுவான். வேண்டாம் என்றால் பழைய ஊசி குறைவின்றித் தொடரும் என்ற உறுதியை வைத்தியர் முதலில் கொடுக்கவேண்டும். நாளை இதைவிட நல்ல மருந்து வரலாம். இன்று ஏற்றிக்கொண்டவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கலாம். காத்திருப்பவனைக் கோழை என்று எவரும் எண்ணவேண்டாம்.

விலையையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் அமெரிக்காவில் ஹெம்ஜெனிக்ஸுக்கு 35 இலட்சம் டொலர் குறித்தார்கள். சாதாரண காரணி ஊசியே போதியளவு கிடைக்காத நாடுகள் உலகில் பல இருக்க, இத்தொகை மனத்தை உறுத்துகிறது. நம்மவர் பலர் சிகிச்சைக்காகச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேறொரு முறையைச் சோதித்துள்ளார்கள். நோயாளரின் சொந்தக் குருதி மூலக்கலங்களை எடுத்து, பரம்பரையலகைச் சேர்த்து, திருப்பி ஏற்றுவது அது. ஏ வகையினர் 5 பேரின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. சிகிச்சைக்குப்பின் அவர்களுக்கு இரத்தக்கசிவு ஏற்படவில்லை. நல்ல செய்தி. ஆயினும் அதற்குமுன் கடுமையான மருந்துகளால் எலும்பு மச்சையை வெறுமையாக்க வேண்டியிருக்கிறது. பார்த்ததும் ஐந்து பேரைத்தான்.

இன்னொன்று. பி வகைக்கான பெக்வெஸ் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2024 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஓராண்டு நிறையுமுன், 2025 பெப்ரவரியில், அதைத் தயாரித்த பைசர் கம்பனி விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தது. கம்பனி போகலாம், உடலில் ஏற்றிய அலகு போகாது. இருபது ஆண்டுகளுக்குப்பின் அந்த மனிதரின் ஈரலில் ஏதேனும் தென்பட்டால் எவரிடம் போவார்? அவருடைய பதிவேடு எவர் கையில் இருக்கும், செலவை எவர் ஏற்பார் என்பவற்றை, மருந்துப் போத்தலைத் திறக்கும் முன்பே எழுதி அவர் கையில் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும்.