ஒரு நதி தந்த பெயர்



எங்கள் கோவிலில் ஞாயிறு காலையில் நடக்கும் சமய வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன். சில மாதங்களுக்கு முன் படிவம் நான்கு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்.

"அண்ணா, ஸ்கூல் பாரத்துல பங்சா 'இந்தியா', அகாமா 'ஹிந்து'ன்னு எழுதுறோம். ஆனா ஹிந்துங்கிற சொல் வேதத்துலயே இல்லையாம். வெளிநாட்டுக்காரன் வச்ச பேராம். கூடப் படிக்கிற பசங்க சிரிக்கிறாங்க. நம்ம சமயத்துக்குச் சொந்தப் பேருகூட இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதிகப்பிரசங்கித்தனமா பேசாத, உட்காரு" என்று அதட்டிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லை.

தப்பு என்னுடையது. அந்த இரண்டு வாரமும் உட்கார்ந்து படித்தேன். பிறகு அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, படித்ததைச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ரிக் வேதத்தில் 'ஹிந்து' இல்லை, உண்மைதான். ஆனால் 'சிந்து' இருக்கிறது. சிந்து என்றால் ஆறு, வெள்ளம், கடல். இறைவனைக் 'கருணாசிந்து' என்கிறோமே, கருணைக் கடல் என்று பொருள். அதே சொல் ஒரு பெரிய நதிக்கும் பெயர். கயிலை மலைக்கு வடக்கே பிறந்து, லடாக் வழியாக இன்றைய பாகிஸ்தானுக்குள் ஓடி, கராச்சிக்கு அருகே அரபிக் கடலில் கலக்கும் நதி அது. அந்த நதியும் அதன் துணை நதிகளும் பாயும் நிலத்தை வேதம் 'சப்த சிந்து' என்கிறது. ஏழு நதிகள் என்று பொருள்.

நம் பக்கத்து 'ச' பழைய பாரசீகப் பக்கத்தில் 'ஹ' ஆகும். நம் சோமம் அவர்களுக்கு ஹவோமம். அப்படித்தான் சப்த சிந்து அவர்களுடைய அவெஸ்தா நூலில் 'ஹப்த ஹிந்து' ஆனது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட பாரசீக மன்னர் முதலாம் டேரியஸின் கல்வெட்டுகளில் 'ஹிந்துஷ்' ஒரு மாகாணத்தின் பெயர். கிரேக்கர்கள் அந்த 'ஹ'வையும் விட்டுவிட்டு நதியை 'இந்தோஸ்' என்றார்கள். அதிலிருந்து 'இந்தியா' வந்தது. அரபியர் நம் நாட்டை 'அல்-ஹிந்த்' என்றார்கள். மலாய்மொழியில் இந்தியப் பெருங்கடல் இன்றும் 'லாவுத்தான் ஹிண்டி'.

"ஆக தம்பி, பாரத்துல நீ எழுதுற பங்சா, அகாமா ரெண்டும் ஒரே நதியோட பேருதான். ஒண்ணு கிரேக்க வழியா வந்தது, இன்னொண்ணு பாரசீக வழியா வந்தது" என்றேன். அவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

ஆரம்பத்தில் 'ஹிந்து' ஒரு நிலத்தின் பெயர், அங்கே வாழ்ந்த மக்களின் பெயர். சமயத்தின் பெயரானது பிற்காலத்தில்தான். அடுத்தவர் கூப்பிட்ட பெயர்தான், ஆனால் அவர்கள் அதை எடுத்தது நம் நதியிலிருந்து. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. சிந்து நாட்டிலிருந்து வந்ததைச் 'சைந்தவம்' என்பார்கள். அந்த நாட்டுக் குதிரையும் சைந்தவம், அந்த நாட்டுப் பாறை உப்பும் சைந்தவம். "சைந்தவம் கொண்டு வா" என்றால் சாப்பாட்டு இலை முன்னால் உப்பு. பயணம் கிளம்பும்போது குதிரை. இடம் பார்த்துத்தான் பொருள். நம் வீட்டில் 'இந்துப்பு' என்கிறோமே, அதுதான் அந்த உப்பு.

அவன் அம்மாவிடம் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஓர் இந்துப்புக் கட்டியும் கேட்டு வாங்கினேன். தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். "இப்ப உப்பை எடு பாப்போம்."

"எப்படிண்ணா எடுக்கிறது, கரைஞ்சிருச்சே."

"குடிச்சுப் பாரு. மேல எப்படி, அடியில எப்படி?"

"எல்லாமே உப்புதான்."

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொன்ன உவமை இது. கரைந்த சைந்தவக் கட்டியைத் தனியே எடுக்க முடியாது, ஆனால் எங்கே தொட்டுச் சுவைத்தாலும் உப்பே. பரம்பொருள் எங்கும் நிறைந்திருப்பதை விளக்க அவர் அப்படிச் சொன்னார். எனக்கு அன்று நம் பெயரைப் பற்றியும் ஒன்று தோன்றியது. பாரத்தில் எழுதும் 'ஹிந்து' கையில் இருக்கும் உப்புக்கட்டி மாதிரி. அதை வைத்து யாரிடமும் சண்டை போடலாம், பெருமையும் பேசலாம். ஆனால் ருசி தெரிய வேண்டுமென்றால் அது வாழ்க்கையில் கரைய வேண்டும். நம் பேச்சில், கோபத்தில், பெற்றோரை நடத்தும் விதத்தில், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையில் அந்தச் சுவை இருக்க வேண்டும். அன்று வகுப்பில் என் பேச்சில் அது இல்லை.

பூஜையில் குருக்கள் கலச நீரில் ஏழு நதிகளை அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். கங்கையில் தொடங்கும் அந்த வரிசையில் கடைசி இரண்டு பெயர்கள் சிந்துவும் காவேரியும். கலசத்தில் இருப்பதோ நம்மூர்க் குழாய்த் தண்ணீர். மனம் ஒன்றிக் கூப்பிட்டால் அதிலும் சிந்து வருகிறாள் என்பது நம் நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். வகுப்பு முடிந்ததும் அன்னதானத்தில் வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

தம்பி தங்கைகளே, கேள்வி கேளுங்கள். எங்களைப் போன்ற அண்ணன்மார் அதட்டினாலும் விடாமல் கேளுங்கள். வருவதை நிறுத்திவிடாதீர்கள்.

திருச்சிற்றம்பலம்.