எலுமிச்சம் பழமும் எண்ணெயும்

அக்கினி நட்சத்திரம் சுட்டெரிக்கும் சித்திரை, வைகாசி நாட்களில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் உழைக்கும் இளைஞர்களில் சிலர், வேண்டுதலை நிறைவேற்றும் பொருட்டு மோட்டார் சைக்கிளில் திருமலைக்குப் புறப்படுவதுண்டு. ஆரம்பாக்கத்தைத் தாண்டி, சூலூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை வரை கொல்கத்தா நெடுஞ்சாலையிலும், அங்கிருந்து மேற்கே திரும்பிக் காளஹஸ்தி, ரேணிகுண்டா வழியாகவும் செல்லும் பிரயாணம் அது. சூடம் ஏற்றி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்கிக் கிளம்புகையில், டயரைப் பார்த்தாயா என்று எவரேனும் கேட்டால், "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்ற விடையே வரும். இவ்விடையை எள்ளித் தள்ளுவது முறையன்று, ஆராய்வதே முறை.

வைணவ ஆசாரியர்களான வேதாந்த தேசிகரின் மரபினரும் (வடகலையார்) பிள்ளை லோகாசாரியரின் மரபினரும் (தென்கலையார்) நூற்றாண்டுக்கணக்காக வாதித்த விஷயம் இதுவேயாகும். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றும் குரங்குக் குட்டிபோல், ஜீவன் தன் பங்குக்குச் சிறிதேனும் முயலவேண்டும் என்பது வடகலையார் கொள்கை. தாய்ப்பூனை கவ்விச் செல்ல வாளா கிடக்கும் குட்டிபோல், இறைவனே உபாயம், நம் முயற்சி உபாயமாகாது என்பது தென்கலையார் கொள்கை. பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பவர் தம்மைப் பூனைக்குட்டியாகக் கருதுகிறார். ஆனால் அக்கொள்கையை வகுத்த ஆசாரியர்கள் செயலைக் கைவிடச் சொன்னார்களில்லை. செயலை அருளுக்குரிய விலையாக எண்ணும் எண்ணத்தையே கைவிடச் சொன்னார்கள். சரணாகதிக்குப் பின் செய்வதெல்லாம் கைங்கர்யம், அதாவது இறைத்தொண்டு. கைங்கர்யத்தில் சோம்பலுக்கு இடமேது? மேலும், நாமும் நம் உடலும் எம்பெருமானின் உடைமை என்றும், அவ்வுடைமையைத் தன்னுடையதென்று எண்ணுதலே களவுகளிற் பெரிய களவு என்றும் சொல்லும் சம்பிரதாயத்தில் நின்றுகொண்டு, அவன் உடைமையைத் தேய்ந்த டயரின்மேல் ஏற்றிவிடுவதைப் பக்தி என்பது எங்ஙனம்? பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும் நம் விசுவாசத்தின் வலிமையைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் படைக்கப்பட்டவர்கள் அல்லர்.

கும்மிடிப்பூண்டியையும் திருத்தணியையும் உள்ளடக்கிய இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில், மே மாத வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அரிதன்று. நம் தோலின் வெப்பமோ ஏறக்குறைய 35 டிகிரியே ஆதலால், அதனினும் சூடான காற்று எதிரே வீசும்போது உடலைச் சூடேற்றவே செய்கிறது. அப்போது உடலைக் காப்பது வியர்வை ஆவியாதல் ஒன்றே. ஓடும் வண்டியில் வியர்வை தோன்றியவுடன் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது, தலை கனத்துக் கண் இருளும்வரை ஓட்டுபவனுக்குத் தெரிவதேயில்லை. தண்ணீரும் அருந்தேன் என்று விரதம் பூண்டு, இரவு ஷிப்ட் முடிந்த கையோடு உறக்கமின்றிப் புறப்படுபவர்களை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது. அவ்விரதத்தை ஊரில் இருந்தபடி நோற்கலாம். வண்டி ஓட்டுபவனுக்கு அது உரியதன்று என்பது என் துணிபு. டயரும் உடலைப் போன்றதே: காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக நசுங்கி, அந்நசுக்கத்தாலேயே சூடேறி, கொதிக்கும் தாரின்மேல் வெடித்துவிடக்கூடும், ஆகவே வண்டி குளிர்ந்திருக்கும் போதே காற்றை அளக்கவேண்டும்.

நம் வழக்கம் பூஜையையும் பராமரிப்பையும் பிரித்ததே இல்லை. ஆயுத பூஜையின்போது ஆலைகளில் யந்திரங்களை நிறுத்தி, தூசும் பிசுக்கும் போகத் துடைத்து, எண்ணெய் இட்ட பின்னரே சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். பிரயாணத்துக்கு முன் சங்கிலிக்கு எண்ணெய் இடுவதும், பிரேக்கைச் சோதிப்பதும் அப்பூஜையின் முற்பகுதி; எலுமிச்சம் பழம் பிற்பகுதி.

திருமலைக்குப் புறப்படும் தம்பிமார்களை வேண்டிக்கொள்கிறேன்: முதல் நாள் இரவு நன்றாக உறங்குங்கள், விடியுமுன் கிளம்புங்கள், தலைக்கவசமும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் அணிந்து, தாகம் எடுக்குமுன்னரே உப்பிட்ட நீர்மோரை அருந்துங்கள், முற்பகல் 11 மணிக்கு எந்த ஊரில் இருந்தாலும் நிழலில் வண்டியை நிறுத்தி, மாலை 4 மணிக்குப் பிறகே எடுங்கள். தரிசனம் அரை நாள் தாமதமானதால் எந்த வேண்டுதலும் பழுதாவதில்லை.