ரகசியம் யாருக்குச் சொந்தம்?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. காலையில் ஸ்கூல் பஸ் ஹாரன் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது. அவன் பள்ளியில் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டிய ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஒரு மேடமும் இருக்கிறார். ஆனால், அவன் போகமாட்டான்.

ஏன்?

அந்த அறை ஹெச்.எம். அறைக்கு எதிரில் இருக்கிறது. உள்ளே போய் வந்தால் மத்தியானத்துக்குள் 'லூசு' என்று பேர் வைத்துவிடுவார்கள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. காலையில் அங்கே சொன்னது சாயங்காலம் அப்பா காதுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில், தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்றது. அதைவிடச் சின்ன இடங்கள், வெளியே உள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. சந்தோஷம். ஆனால், ஆள் போட்டால் மட்டும் போதுமா? அவரிடம் பிள்ளைகள் வாய் திறக்க வேண்டாமா?

இங்கேதான் ஒரு தர்மசங்கடமான கேள்வி வருகிறது. 15 வயசுப் பிள்ளை சொன்ன ரகசியம் யாருக்குச் சொந்தம்?

'பெத்தது நான், ஃபீஸ் கட்டறது நான். என் பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா?' என்பீர்கள். நியாயம்தான். பெரும்பாலும் அதிகாரத்தில் கேட்பதில்லை, பயத்தில்தான் கேட்கிறோம்.

ஆனால், கூட்டுக் குடும்ப வீடுகளை யோசித்துப் பாருங்கள். பாட்டியோ அத்தையோ ஒருத்தர் இருப்பார். கணக்கில் ஃபெயிலானது முதலில் அவருக்குத்தான் தெரியும். உடனே ஓடிப்போய் அப்பாவிடம் போட்டுக் கொடுக்க மாட்டார். நேரம் பார்த்து, சாப்பாடு போடும்போது பக்குவமாக எடுத்துச் சொல்வார். விழவேண்டிய அடி பாதியாகக் குறையும்! பாட்டி சைக்காலஜி படித்ததில்லை. ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியும். எப்போது உடைக்க வேண்டும் என்றும் தெரியும்.

அந்த வேலையைத்தான் இப்போது பள்ளியில் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம்.

அதற்காக எல்லாவற்றையும் மூடி வைக்க முடியாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும். பாலியல் தொல்லை என்றால், 2012-ம் வருடத்து போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே தீரவேண்டும். ஆனால், இந்த எல்லையை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவதுதான் நாணயம். 'உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாலோ நான் சொல்லியாகணும். மத்ததெல்லாம் உனக்கும் எனக்கும் நடுவுல.' இவ்வளவுதான். இது பிள்ளைகளுக்குப் புரியும். கேட்டுக்கொண்டு பிறகு காட்டிக் கொடுப்பதைத்தான் அவர்கள் மன்னிப்பதில்லை.

வீட்டுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய விஷயம் என்றாலும் ஒரு வழி இருக்கிறது. 'நீயே அம்மாகிட்ட சொல்றியா? நான் பக்கத்துல இருக்கேன்' என்று கேட்கலாம். ரகசியம் அப்போதும் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. அதைச் சொல்லும் தைரியத்தை மட்டும் பெரியவர் தருகிறார்.

பள்ளிகள் செய்யவேண்டியது பெரிய செலவில்லை. அறையை யார் கண்ணும் படாத இடத்துக்கு மாற்றுங்கள். மார்க் போடுகிற டீச்சரையே கவுன்சலராக்காதீர்கள். கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த மேடத்தை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம். அதை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.

நாம் செய்யவேண்டியது இன்னும் சுலபம், ஆனால் கஷ்டம். பிள்ளை அந்த அறைக்குப் போய் வந்தது தெரிந்தால், 'என்ன சொன்னே?' என்று குடையாமல் இருக்க வேண்டும். 'சாப்பிட்டியா?' என்று கேட்டால் போதும்.

நம்மிடம் சொல்லாததை வேறொருவரிடம் சொல்லியிருக்கிறான் என்றால் மனசு வலிக்கும்தான். அந்த வலியைத் தாங்கிக்கொள்ளலாம். யாரிடமுமே சொல்லாமல் இருந்துவிட்டான் என்றால்?